ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்னங்கால்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. நாலு கதவு வைத்த மார்க் 3. தாத்தா வாங்கியது. பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்ப சார் விக்கப் போறீங்க" என்று கேட்பார்கள், மாமா சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். அந்த வண்டிக்குப் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. பின்னால் இருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஓட்டுக்கூரை மாதிரி மேலே நெருங்கி, கீழே அகன்று நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது.

சிதம்பரத்தில் பழைய வண்டிகளைப் பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "கமான்பட்டை தளர்ந்துபோச்சு சார். ஒரு பட்டை கூடப் போட்டுட்டா ஜம்முனு நிமிந்துக்கும்" என்றார். லாரியோ வேனோ, பின்பக்கம் இறங்கினால் ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். போட்டார். வண்டியும் நிமிர்ந்தது. போகும்போது அவர் சொன்ன இன்னொரு வார்த்தையை அன்றைக்கு நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இந்தப் பின்பக்கமே தொல்லை சார். பேசாம இதைக் கழட்டிட்டு மாருதி வேன் ஆக்சில் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்." மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஹெரால்டுக்கு வேன் ஆக்சிலா!

திரும்பி வரும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் மாமாவும் நானும் மட்டும். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சத்திரமும் தாண்டியபின் ஒரு வளைவில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, ஐம்பது இருக்கும். மாமா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், பிரேக்கைக்கூட சரியாக மிதிக்கவில்லை. பின்பக்கத்தை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி நாங்கள் வந்த திசையையே பார்த்துக்கொண்டு சாலையோரம் நின்றோம். ஆடு, மாமா, நான், ஹெரால்டு நால்வருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மாமா அதற்குப் பிறகு கடலூர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று தேடப்போய்த்தான் ஒரு பெரிய வரலாறு கையில் சிக்கியது. இங்கிலாந்து, அமெரிக்கா, வண்டலூர் என்று மூன்று இடத்தில் நடக்கும் கதை. அந்த மெக்கானிக் அண்ணன் இதில் எங்கே வருகிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அம்பாசடருக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரம் வரை ஒரே இரும்புக் குழாய், நடுவில் உருண்டையாக கிரவுன்-பினியன் வீடு. மொத்தமும் ஒரே கட்டை. அதை இரண்டு பக்கமும் நீளவாக்கில் கமான்பட்டைகள் தாங்கும். இதுதான் லைவ் ஆக்சில். மாட்டுவண்டி அச்சின் நேர் வாரிசு.

ஹெரால்டில் அப்படி இல்லை. கிரவுன்-பினியன் பெட்டி சேசிஸோடு போல்ட் போட்டு அசையாமல் நிற்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அரை ஆக்சில். உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் ஜாயின்ட். சக்கரம் மேலே கீழே போகும்போது அந்த அரை ஆக்சிலே தோள்பட்டையிலிருந்து ஆடும் கை மாதிரி ஆடும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். பெட்டியின் தலைமேல் குறுக்குவாட்டில் ஒரே ஒரு கமான்பட்டை உட்கார்ந்து, அதன் இரண்டு முனையும் இரண்டு சக்கரத்தைத் தாங்கும். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் இருக்க, ஒவ்வொரு பக்கமும் ரேடியஸ் ஆர்ம் என்று ஒரு கம்பி முன்னோக்கிப் போய்ச் சேசிஸில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் இவ்வளவு குறைந்த உதிரிபாகங்களில் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி ஆட்டம் கொடுத்த அமைப்பு வேறு இருக்குமா என்று தோன்றும்.

சிக்கல் அந்தக் கையின் நீளத்தில் இருக்கிறது. அது ஏறத்தாழ அரை மீட்டர்தான். வண்டியின் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் சக்கரம் கிட்டத்தட்ட 6 டிகிரி சாய்ந்துவிடும். கணக்கு போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். உடம்பு இறங்கினால் சக்கரம் கூரை மாதிரி சாயும். உயர்ந்தால் புனல் மாதிரி: மேலே அகன்று, கீழே உள்வாங்கி.

இப்போது வளைவில் என்ன நடக்கிறது? வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. தள்ளும் இடம் தரையில், டயரின் அடியில். அந்தத் தள்ளு போய்ச் சேரும் இடமோ மேலே, கிராஸ் ஜாயின்டில். ஆக அது பக்கவாட்டில் மட்டும் தள்ளவில்லை, சற்று மேல்நோக்கியும் தள்ளுகிறது. கோலூன்றித் தாண்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கோலைத் தரையில் ஊன்றி ஓடிவந்த வேகம் அவரை மேலே தூக்குகிறது இல்லையா, அதேதான். வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும். எழும்பினால் சக்கரம் புனலாகும். புனலானால் கோல் இன்னும் செங்குத்தாகும். இன்னும் எழும்பும். கடைசியில் டயர் தன் ஓரத்தில் நிற்கும், பிடிப்பு போய்விடும். இதில் ஓட்டுநர் நடுவளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் பாரம் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் தானாகவே உயரும். அதாவது மாமா செய்தது.

கூடுதல் பட்டை போட்டது ஏன் தப்பு என்பதும் இங்கேயே புரிந்துவிடுகிறது. லைவ் ஆக்சில் வண்டிக்குப் பட்டை கூட்டினால் வண்டி உயரும், சக்கரம் நேராகவே இருக்கும். ஸ்விங் ஆக்சிலுக்குப் பட்டை கூட்டினால் வளைவில் நுழையும் முன்பே பாதிப் புனல் தயார். அதிலும் பின்சீட்டில் யாரும் இல்லை! ஐந்து பேர் குடும்பமாக ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் இருந்திருந்தால் பின்பக்கம் அமுங்கி, சக்கரங்கள் கூரையாகி, வண்டி ஒழுங்காகத் திரும்பியிருக்கும். தனியாக ஓட்டுகிறவருக்குத்தான் இந்த வண்டி அதிக ஆபத்து. டயரைத் தின்னும், ஆனால் ஆளை விட்டுவிடும் என்பது பாரம் ஏற்றிய ஹெரால்டு. அதற்கு நேர் எதிர், காலியான ஹெரால்டு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் அப்படிக் கட்டினார்கள்?

ஸ்விங் ஆக்சில் ஹெரால்டின் கண்டுபிடிப்பு அல்ல. ஆஸ்திரியரான எட்மண்ட் ரம்ப்ளர் 1903-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 356, மெர்சிடிஸ் 300எஸ்எல் எல்லாமே அந்தக் குடும்பம்தான். 1950-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு ஒரு புதிய சின்னக் கார் தேவைப்பட்டது. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பிஎம்சி விலைக்கு வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே கூடாக அழுத்தித் தர ஆள் இல்லை. அதனால் தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய பாணிக்கே போனார்: தனிச் சேசிஸ், அதன் மேல் பல துண்டுகளாகப் போல்ட் போட்டுச் சேர்க்கும் பாடி. வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. தனிச் சேசிஸ் இருந்ததால் கிரவுன்-பினியன் பெட்டியை அதிலேயே மாட்டி, ஸ்விங் ஆக்சில் போடுவது மலிவாக முடிந்தது. "நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்" என்று விளம்பரத்தில் போடலாம், அன்றைய மலிவு பிரிட்டிஷ் கார்களில் அது அபூர்வம். மாதிரி வண்டிகளை 1958-ல் ஆப்பிரிக்காவின் தெற்கிலுள்ள கேப்டவுனிலிருந்து வடக்கே டேஞ்சியர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். 1959 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. முழு முன்பக்கமும் முதலை வாய் போலத் திறக்கும் பானெட், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஸ்டீயரிங். இன்றைக்கும் மாமா எங்கள் சந்தில் ஒரே வெட்டில் வண்டியைத் திருப்பும்போது பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் பொறாமையோடு பார்ப்பார்.

துண்டு துண்டாகச் சேர்க்கும் பாடி என்பது மூட்டை கட்டி வேறு நாட்டுக்கு அனுப்பவும் தோதானது. இங்கேதான் சென்னை வருகிறது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. ஆலை சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். முதலில் வான்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் 10, பென்னன்ட். 1953-ல் மத்திய அரசின் கட்டண ஆணையம், இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இங்கே வேலை இல்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. கார் தயாரிப்பில் மிஞ்சிய பெரிய பெயர்கள் கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். 1961-ல் சென்னை ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு, நம்மூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வேடிக்கை என்னவென்றால் இங்கிலாந்தில் 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரையே 1963-ல் கைவிட்டுவிட்டார்கள். அந்தப் பெயர் வாழ்ந்தது பெருங்களத்தூரில்தான்.

இங்கிலாந்து ஹெரால்டுக்கு 1147 சிசி, 1296 சிசி என்று எஞ்சின் வளர்ந்துகொண்டே போனது. நம் ஹெரால்டு பழைய 948 சிசி எஞ்சினோடேயே நின்றது. ஆனால் வேறு எந்த நாட்டிலும் இல்லாத ஒன்றை இங்கே செய்தார்கள். நாலு கதவு. பின்சீட்டில் பாட்டியை ஏற்ற முன்சீட்டை மடக்கச் சொன்னால் எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? ஆகச் சென்னைப் பொறியாளர்கள் வரைபடத்தைத் தொடப் பயந்தவர்கள் இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹெரால்டு சென்னையில் உருண்டுகொண்டிருந்த அதே வருடங்களில் அமெரிக்காவில் ஸ்விங் ஆக்சில் கோர்ட்டு வரை போனது. ஷெவர்லே கோர்வேர் என்ற கார், எஞ்சின் பின்னால், அதோடு ஸ்விங் ஆக்சில். 1960 மாடலாக வந்தது. கவிழ்கிறது, சுழல்கிறது என்று வழக்குகள் குவிந்தன. 1964 மாடலில் கம்பெனியே குறுக்குவாட்டில் ஒரு பட்டையைச் சேர்த்து அந்தப் புனலைக் கட்டுப்படுத்தப் பார்த்தது. 1965 மாடலில் பின்பக்கத்தையே புதிதாக வடிவமைத்தது. அதே 1965 கடைசியில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். முதல் அத்தியாயமே கோர்வேர். ஜெனரல் மோட்டார்ஸ் நேடருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பி, அது வெளியே தெரிந்து, 1966-ல் கம்பெனித் தலைவர் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் அதே வருடம் வந்தது. பிறகு 1972-ல் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை சோதனை செய்து, பழைய கோர்வேர் அதன் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. இதை வைத்து நேடர் சொன்னது பொய் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற கார்களும் அதே அளவு மோசம் என்றும் அந்த வாக்கியத்தைப் படிக்கலாம் அல்லவா.

ஹெரால்டில் எஞ்சின் முன்னால். அதனால் கோர்வேர் அளவு பயம் இல்லை. ஆனால் அதே சேசிஸை 91.5 அங்குல சக்கர இடைவெளியிலிருந்து 83 அங்குலமாகச் சுருக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடியைப் போட்டு 1962-ல் கவென்ட்ரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விற்க ஆரம்பித்தது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். நம் குடும்பக் காரின் தம்பி. பின்பக்கம் அச்சாக அதே ஸ்விங் ஆக்சில், அதே குறுக்குப் பட்டை, அதே ரேடியஸ் ஆர்ம். குடும்பத் தலைவர் நாற்பதில் போகும்போது தெரியாத குறை, இருபத்திரண்டு வயசுக்காரன் வளைவில் எழுபதில் போகும்போது தெரிந்துவிடும். 1966-ல் அதிலேயே 2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து ஜிடி6 என்று விட்டார்கள். பத்திரிகைகள் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டன.

அங்கே இரண்டு விதமாகச் சரிசெய்தார்கள். முதல் வழி பணக்கார வழி. 1968-ல் ஜிடி6 மார்க் 2-க்கும் வைட்டஸ் மார்க் 2-க்கும் கீழே ஒரு முக்கோண ஆர்ம் சேர்த்தார்கள். இப்போது சக்கரத்தை மேலே பட்டை பிடிக்கிறது, கீழே ஆர்ம் பிடிக்கிறது. அரை ஆக்சிலுக்குச் சக்கரத்தைத் தாங்கும் வேலை போய், சுழற்றும் வேலை மட்டும் மிச்சம். நீள மாற்றத்தைச் சமாளிக்க நடுவில் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற கனத்த ரப்பர் இணைப்பு. அருமையாக வேலை செய்தது. ஆனால் செலவு, அதோடு ரப்பர் கிழியும். இரண்டாவது வழி கஞ்சன் வழி, அதனாலேயே எனக்குப் பிடித்த வழி. 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் வந்தது. முன்பெல்லாம் எல்லாப் பட்டைகளையும் சேர்த்துப் பெட்டியின் தலையில் இறுக்கிவிடுவார்கள். இப்போது ஒரே ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் சீசா பலகை மாதிரி ஆடவிட்டார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் பட்டை முழுப் பலத்தோடு தாங்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால், அதாவது வண்டி வளைவில் சாயும்போது, பலகை ஆடிவிடும், பின்பக்கம் எதிர்க்காது. பாரமாற்றத்தைத் தாங்கும் பொறுப்பு முன்பக்கத்துக்குப் போகும், அங்கே தடித்த ஆன்ட்டி-ரோல் பார். புனல் தொல்லை பெருமளவு அடங்கியது. எவ்வளவு அடங்கியது என்றால், 1973-ல் ஜிடி6-லும் ரோட்டோஃப்ளெக்ஸை எடுத்துவிட்டு இந்த ஆடும் பட்டையையே போட்டார்கள்.

(இதற்கெல்லாம் முன்பே ஓட்டப்பந்தயக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பெட்டிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டையைச் சொருகினால் பட்டையின் முனைகள் உயர்ந்து வண்டி இறங்கும், சக்கரம் கூரையாகவே கிளம்பும். எங்கள் மெக்கானிக் செய்ததற்கு நேர் எதிர். சோழவரம் ஓடுதளத்தில் அம்பாசடர், ஃபியட்டோடு ஹெரால்டும் ரேஸ் ஓடிய காலம் உண்டு. அந்த வண்டிகளின் பழைய படம் கிடைத்தால் முதலில் பின்சக்கரத்தின் சாய்வைப் பாருங்கள்.)

மூன்றாவது வழிதான் நம்முடையது.

1971-ல் இங்கிலாந்தில் ஹெரால்டு நின்றுபோனது. 1972-ல் பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்ட் கெஸல் வெளிவந்தது. ஹெரால்டின் உடம்பை முன்னும் பின்னும் மாற்றி வரைந்த நாலு கதவுக் கார், அதே 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் இதற்கு ஜோடி கிடையாது. இதன் பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்சில் இல்லை. ஆர்ம் சேர்க்கவில்லை, பட்டையை ஆடவிடவில்லை. மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு லைவ் ஆக்சில் மாட்டினார்கள். வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஸ்விங் ஆக்சில் ஒத்துவரவில்லை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்டோமொபைல் பாடத்தில் சஸ்பென்ஷன் ஏணிப்படி மாதிரி வரும். கீழ்ப்படி லைவ் ஆக்சில், அடுத்த படி ஸ்விங் ஆக்சில், மேல்படி முழுத் தனி சஸ்பென்ஷன். உலகமே ஏறும்போது நாம் இறங்கியிருக்கிறோம். "மெக்கானிக்குக்குப் புரியவில்லை" என்ற காரணமும் சங்கடமாக இருந்தது.

பிறகு அந்தப் புதுச்சத்திரம் வளைவை நினைத்துப் பார்த்தேன். அந்த மெக்கானிக்குக்குத் தொழில் தெரியாதா? முப்பது வருடம் அம்பாசடரும் டெம்போவும் பார்த்தவர். அவர் செய்தது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வண்டிக்குச் சரியான வைத்தியம். அந்த நூறாவது வண்டி ஹெரால்டு. ஒரு வண்டியின் பாதுகாப்பு, அதைப் பழுதுபார்க்கும் ஆயிரம் பேர் தங்கள் கைப்பழக்கத்துக்கு எதிராக நடப்பதை நம்பி இருந்தால், தவறு கையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. ஹெரால்டின் முன்பக்கத்திலும் இதே கதை ஒன்று உண்டு. சக்கரத்தைத் திருப்பும் டிரன்னியன் என்ற துண்டுக்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. எந்தப் பட்டறைப் பையன் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஆயில் தேடுவான்? கிரீஸ் அடித்த டிரன்னியன் துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிவிடும்.

கவென்ட்ரிக்கு நேர்க்கோட்டுப் பதில்கள் கிடைத்தன, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ஊரிலும் டீலரும் கையேடும் அசல் உதிரிபாகமும் இருந்தன. 1970-ன் தென்னாற்காட்டில் கிரவுன்-பினியன் கழற்றத் தெரிந்த ஆள் என்றால் அம்பாசடரில் கற்றவர்தான். லைவ் ஆக்சிலில் பட்டை கூட்டினாலும் சக்கரம் நேரே நிற்கும், ஐந்து பேர் ஏறினாலும் நேரே நிற்கும், ஒருவர் மட்டும் போனாலும் நேரே நிற்கும். டயர் ஒருபக்கம் தேயாது. நாலு கதவு போட்ட அதே ஆட்கள்தான் இதையும் யோசித்திருக்கிறார்கள். அங்கே பாட்டியை நினைத்தார்கள், இங்கே பட்டறையை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். லைவ் ஆக்சிலில் கிரவுன்-பினியன் முழுப் பாரமும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறுசக்கரமும் சாயும். கடலூர் முதுநகர் பக்கத்துப் பழைய சாலைகளில் மாமாவின் ஹெரால்டில் போனால் அந்த மெத்தென்ற சுகம் தெரியும், ஒவ்வொரு பள்ளத்தையும் அந்தந்தச் சக்கரமே விழுங்கிவிடும். கெஸல் வாங்கியவர்கள் அதை இழந்தார்கள். அதோடு கெஸல் ஒன்றும் பெரிய வெற்றியும் இல்லை, 1977-ல் நின்றுவிட்டது. காரணம் பின் ஆக்சில் அல்ல என்று நினைக்கிறேன். பழைய எஞ்சின், பழைய உடம்பு, அன்றைய கார் சந்தையின் நிலை என்று பல சேர்ந்தது.

ஆனால் ஏணிப்படிக் கதை எவ்வளவு பொய் என்பதற்கு அடுத்த காட்சி கவென்ட்ரிக்காரர்களின் உறவிலேயே இருக்கிறது. டிரையம்ஃபும் ரோவரும் அதற்குள் ஒரே பிரிட்டிஷ் லேலண்டின் கீழ் வந்துவிட்டன. ரோவரின் பழைய பி6 காரில், 1963-லிருந்து, டி டியான் என்ற நுட்பமான பின் அமைப்பு. அதற்குப் பதில் 1976-ல் வந்த பெரிய ரோவர் எஸ்டி1-ல் என்ன போட்டார்கள்? லைவ் ஆக்சில். வாட்ஸ் இணைப்பு என்ற ஆர்ம்களால் அதை ஒழுங்காகக் கட்டிப்போட்டு, மலிவாகவும் உறுதியாகவும் செய்தார்கள். 1977-ன் ஐரோப்பியச் சிறந்த கார் விருது அதற்குத்தான் கிடைத்தது. சென்னை நாலு வருடம் முன்பு செய்தபோது பின்னடைவு, அவர்கள் செய்தபோது விருது! அந்த எஸ்டி1-ன் உடம்புதான் 1985-ல் கடல் தாண்டிப் பெருங்களத்தூர் வந்து, பழைய வான்கார்டு வம்சத்து 2 லிட்டர் எஞ்சினோடு ஸ்டாண்டர்ட் 2000 ஆனது. மெதுவாக ஓடியது, பெட்ரோல் நிறையக் குடித்தது, 1988-ல் நின்றது. அதோடு இந்தியாவிலும் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் முடிந்தது.

போன பொங்கல் விடுமுறையில் மாமாவின் வண்டியை மறுபடி சிதம்பரம் கொண்டுபோனோம். அதே பட்டறை. மாமாவுக்கு வேறு இடம் போகத்தான் விருப்பம், நான்தான் அவரிடமே போகலாம் என்றேன். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கியதும் இரண்டு பின்சக்கரமும் கோழிக்கால் மாதிரி உள்ளே மடங்கித் தொங்கின. "அண்ணே, பாருங்க, வண்டி வளைவுல இப்படித்தான் நிக்குது" என்றேன். அவர் சற்று நேரம் பார்த்தார். சக்கரத்தின் அடியில் கைவைத்து உள்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் ஸ்பானர் எடுத்தார்.

கூடுதல் பட்டை வெளியே வந்தது. பழைய பட்டைகளைக் கழற்றி, துரு தேய்த்து, வளைவு சரிபார்த்து ஏற்றினோம். கிராஸ் இரண்டும் புதிது. ரேடியஸ் ஆர்ம் புஷ்கள் பிய்ந்து போயிருந்தன, அவற்றையும் மாற்றி, முன்முனையில் தகடு வைத்துச் சக்கரம் நேரே பார்க்கும்படி நூல் பிடித்துச் சரிசெய்தார். ஆள் ஏறி உட்கார்ந்தால் சக்கரம் லேசாகக் கூரையாக நிற்கிறது. அப்படித்தான் நிற்க வேண்டும் என்று மாமாவிடம் நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

டீ குடிக்கும்போது கெஸல் கதையை அவரிடம் சொன்னேன். கம்பெனிக்காரனே 1972-ல் இந்தப் பின்பக்கத்தைக் கழட்டிட்டு ஒரே ஆக்சில் மாட்டினான் அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே என்று.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மெக்கானிக் சிரிக்கவில்லை. "அப்பவே சொன்னேன்ல தம்பி" என்றார். அப்புறம் மாமாவைப் பார்த்து, "வேன் ஆக்சில் ஒண்ணு நல்லதா வந்திருக்கு சார். எடுத்து வைக்கட்டுமா?"

மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.